வாற்கோதுமை கற்பிக்கும் விதைப் பாடம்

சங்கங்களைப் பார்வையிட நாம் செல்லும் இடங்களில், அங்கத்தினர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு: "நோய் தாங்கும் விதை என்றுதானே வாங்கினோம்? சில வருஷங்கள் தாங்கிற்று; பிறகு அதற்கும் நோய் வந்துவிட்டதே, விதை கெட்டுப்போயிற்றா?" பெரும்பாலும் விதை கெடுவதில்லை. நடப்பது என்ன என்பதை, பார்லி என்று வழங்கும் வாற்கோதுமையின் வரலாற்றைக் கொண்டு அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் 1935ஆம் ஆண்டு தண்டுத் துருநோய் கடுமையாகப் பரவிற்று. இந்நோய் கண்ட செடியின் தண்டில் செங்காவித் தூள் கிளம்பும், மணி சுருங்கும், தண்டு முறிந்து சாயும். அவ்வாண்டு சாம் லைக்கன் என்னும் விவசாயி, பார்லி வயல் ஒன்றில் ஒரேயொரு செடி மட்டும் துருவின்றி நிற்பதைக் கண்டார். அதன் விதையைத் தனியே எடுத்து வைத்துப் பெருக்கினார். அதுவே 1942இல் 'கிண்ட்ரெட்' என்ற ரகமாக வெளியாயிற்று.

அச்செடியைக் காத்தது எது? பார்லியில் ஏழு இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஏழாவதில் அமைந்த 'ஆர்.பி.ஜி.1' என்னும் ஒரே மரபணுவே அந்தக் காவல். அது ஓங்கு தன்மை உடையது. நோய் தாங்கும் செடியையும் தாங்காத செடியையும் இனக்கலப்புச் செய்தால், முதல் தலைமுறை முழுவதும் தாங்கும். அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று தாங்கும், ஒன்று வீழும். விஞ்ஞானிகள் 2002இல் இம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். நோய்க்கு எளிதில் இரையாகும் 'கோல்டன் பிராமிஸ்' ரகத்தில் அதைப் புகுத்தியபோது, அந்த ரகமும் நோயைத் தாங்கி நின்றது.

எனினும் காவல் என்றால் எல்லாத் திருடருக்கும் காவல் அன்று. அதே வட டக்கோட்டாவில் ஆளிச் செடியின் துருநோயை ஆராய்ந்த ஹெரால்டு ஃப்ளோர் என்பார், செடியிலுள்ள காக்கும் மரபணு ஒவ்வொன்றுக்கும் நேராக நோய்ப் பூசணத்திலும் ஒரு மரபணு உண்டு என்று காட்டினார். களத்துக் காவலாளி திருடனின் முகத்தை அறிந்தே பிடிக்கிறான். திருடன் வேஷம் மாற்றி வந்தால், காவலாளி விழித்திருந்தும் பயனில்லை.

பார்லியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அம்மரபணு வட அமெரிக்கச் சமவெளியின் பார்லியைக் காத்தது. 1980களின் இறுதியில் 'க்யூ.சி.சி.' என்ற புதிய துரு இனம் அங்கே தோன்றிற்று. அந்த ஒரு மரபணுவையே நம்பிய ரகங்கள் அதற்கு இரையாயின. ஆராய்ச்சியாளர் வேறு பார்லி வழிகளைத் தேடி, 'ஆர்.பி.ஜி.4' என்னும் மரபணுவைக் கண்டனர். இது ஒடுங்கு தன்மையது. தாய், தந்தை இருவழியிலும் வந்தால்தான் காக்கும். விதை கெட்டதன்று, பூசணம் மாறியதே காரணம் என்பது இதனால் விளங்கும். நம் நெல்லைத் தாக்கும் குலைநோயிலும் இதே முறையைக் காணலாம்.

இதில் கூட்டுறவாளர் கருத வேண்டியது ஒன்றுண்டு. எல்லா அங்கத்தினருக்கும் ஒரே ரகத்தை மொத்தமாக வாங்குவது சங்கத்துக்குச் சிக்கனம். ஆனால் ஊர் முழுவதும் ஒரே காவலாளியை நம்பினால், அவன் தோற்கும் நாளில் ஊர் முழுவதும் தோற்கும். கொடுத்த கடனும் திரும்பாது. ஆகையால் வெவ்வேறு எதிர்ப்புத் திறனுடைய இரண்டு மூன்று ரகங்களைச் சங்கம் வாங்குதல் நலம். எந்த நோயைத் தாங்கும் விதை என்பதையும் கேட்டு அறிதல் வேண்டும்.

நோய் கண்ட வயலில் தனித்து நலமாக நிற்கும் செடியைக் கண்டால், அதன் விதையைத் தனியே வைத்து வேளாண்மை அதிகாரியிடம் காட்டுங்கள். அது தற்செயலாகத் தப்பிய செடியாகவும் இருக்கலாம்; அதன் சந்ததியை விதைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். லைக்கன் கண்டதும் ஒரு செடியே.