மூழ்குபவரின் திறனறிவது எங்ஙனம்?

மாட்டுத்தாவணி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது பேருந்து நிலையமே. ஆயினும் அப்பெயர் மாட்டுச் சந்தையைக் குறிப்பதாகும். சந்தையில் மாடு பிடிக்க வருபவர் முதலில் பல்லைப் பார்ப்பார், வயது தெரிந்துவிடும். அதோடு அவர் நின்றுவிடுவதில்லை. நடக்கவிட்டுப் பார்ப்பார், அப்போதுதான் மாட்டின் தரம் தெரியும். கடலுக்கடியில் செல்லும் மனிதரின் திறனை அறியவும் இவ்விரு சோதனைகளும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கடலில்லா மதுரையில் இது எதற்கு என நண்பர்கள் வினவலாம். இங்கே பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் தூத்துக்குடியையோ இராமேசுவரத்தையோ அடையலாம். அங்குள்ள மன்னார் வளைகுடாவில் 1986-இல் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. நம் விலங்கியல் மாணவருள் சிலரேனும் நாளை அங்குள்ள பவளப்பாறைகளை ஆராய நீரில் இறங்கக்கூடும். ஒருவருக்கொருவர் துணையாக இருவர் இருவராக மூழ்குவதே முறை. துணைவரின் திறனைத் தவறாகக் கணித்தால் இழப்பது மதிப்பெண் அன்று, உயிர்.

அக்கடலில் மூழ்குவது நம்மவர்க்குப் புதிதன்று. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வந்தனர் முத்துக்குளிப்போர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961-இல் ஆகும். மூச்சடக்கும் ஆற்றலே அவர்களுடைய திறனின் பெரும்பகுதி.

1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர் உருவாக்கிய மூச்சுக்கருவி இந்த அளவுகோலையே தலைகீழாக்கிவிட்டது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பாயில் விதிப்படி, 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கியவாறு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். ஆகவே, முத்துக்குளிப்பவருக்குத் திறமையாக இருந்த மூச்சடக்கம் ஸ்கூபாவில் உயிருக்கே ஆபத்தாகிறது. ஒன்றில் வல்லவர் மற்றொன்றிலும் வல்லவர் எனக் கொள்ளலாகாது.

இன்று பயிற்சி நிறுவனங்கள் படிநிலைச் சான்றுகள் வழங்குகின்றன. பரவலாக உள்ள ஒரு முறையில் முதற்படிச் சான்று 18 மீட்டர் வரையும், அடுத்தது 30 மீட்டர் வரையும் இறங்க உரியது. முதற்படிச் சான்றைத் திறந்த கடலில் நான்கு முறை மூழ்கியே பெற்றுவிடலாம். சான்று தேவையே, ஆனால் அது மாட்டின் பல்லைப் போன்றது. கடைசியாக மூழ்கியது எப்போது, எத்தகைய நீரில் என்று கேட்டல் வேண்டும். தெளிந்த நீரில் நூறு முறை மூழ்கியவரும் கலங்கிய நீரோட்டத்தில் புதியவரே.

இனி நடையைப் பார்ப்போம். முதலாவது, அசைவு. தேர்ந்தவர் தேவைக்கு மேல் ஈயம் கட்டுவதில்லை, கைகளைத் துழாவுவதில்லை, மணலைக் கிளப்பாமல், பவளத்தைத் தொடாமல், மூச்சின் அளவாலேயே ஒரே மட்டத்தில் மிதப்பார்.

இரண்டாவது, காற்று. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்று அடங்கும். அதில் 50 பார், அதாவது 600 லிட்டரை, சேமிப்பாக ஒதுக்கினால் மிஞ்சுவது 1,800. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவிடுபவருக்கு, அழுத்தம் மூன்று மடங்கான 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் செலவாகும். அவருக்கு 30 நிமிடம் உண்டு. பதற்றத்தால் இரு மடங்கு மூச்சு வாங்குபவருக்கோ 15 நிமிடமே. உடல்வாகுக்கேற்ப இவ்வளவு மாறும். எனினும் பதற்றத்தைக் காற்றுமானி மறைப்பதில்லை.

மூன்றாவது, இடர் வந்தபோது நடந்துகொள்ளும் விதம். முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் அஞ்சி மேலே பாய்கிறாரா, நின்று நிதானமாக வெளியேற்றுகிறாரா? விரைந்து ஏறினால் குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். தேர்ந்தவர் மெல்ல ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் தங்கியே மேலே வருவார்.

நான்காவது, மறுக்கும் துணிவு. காற்றும் அலையும் சரியில்லாத நாளில், படகில் உள்ளோர் அனைவரும் ஆவலோடு காத்திருக்க, "இன்று வேண்டாம்" எனச் சொல்ல வல்லவரே முதிர்ந்தவர். எவ்வளவு ஆழம் போனேன் என்று பேசுபவரைவிட, எப்போது திரும்பினேன் என்று சொல்பவரை நம்பலாம்.

செய்யும் செயலின் வலிமையோடு தன் வலிமையையும் துணைவரின் வலிமையையும் எடைபோடச் சொன்ன வள்ளுவர், வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். பிறரை அளக்கும் இந்நான்கு கோல்களாலும் முதலில் நம்மையே அளந்துகொள்வோமாக. தன் எல்லை அறிந்து இறங்குபவருக்கே கரை திரும்பும் உறுதி உண்டு.