அழுகுரலும் ஆதாரமும்

எங்கள் சாம்பல்தீவுக் கடற்கரையில் இரவில் அழுகுரல் கேட்பதாகச் சொல்வோர் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இப்பேச்சு கூடியது. இதனை எவ்வாறு ஆராய்வது?

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் (1898–1978) பேய்வீடுகள் பலவற்றை நேரில் சென்று ஆராய்ந்தவர். கல்லெறிக்குப் பின்னால் அவர் பல வேளைகளில் கண்டது, மனத்துயருள்ள வீட்டார் ஒருவரையே. மோசடிக்கு இடமற்ற சூழலில் அமானுஷ்ய ஆற்றலை நிரூபிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். எவரும் அதை வெல்லவில்லை.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டவை இரண்டு.

ஒன்று: குரல் கேட்டது அனுபவம், பேய் என்பது விளக்கம். யார், எப்போது, எந்தக் காற்றில் கேட்டார் என்று விசாரித்த பின்பே விளக்கத்துக்கு வரவேண்டும். செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூறா அல்-ஹுஜுராத் பணிக்கிறது. ஜின் உண்டு என்பது எமது ஈமான். கேட்கும் சத்தமெல்லாம் ஜின் என்பது வெறும் ஊகம்.

இரண்டு: பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு அக்குரல் ஒரு நினைவு. அவரிடம் சான்று கேட்பது அறிவாகாது. பக்கத்தில் இருப்பதே கடமை. அவரது துயரைக் காட்டித் தாயத்துக்குப் பணம் கேட்பவரிடமோ சான்று கேட்டே ஆகவேண்டும்.