அப்பாவின் கணக்கு

கேள்வி: ஐயா, என் அப்பா எங்கள் சபையில் பல வருடமாகப் பொருளாளர். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்பதால் வருடக் கணக்கை நான்தான் டைப் செய்து கொடுப்பேன். இந்த வருடம் கோயில் கட்டட நிதியில் ஒரு தொகை குறைகிறது. கேட்டதற்கு, தங்கச்சி கல்யாணச் செலவுக்கு எடுத்ததாகவும், அறுவடை முடிந்ததும் வைத்துவிடுவதாகவும் சொன்னார். அதுவரை அதைக் கொத்தனார் கூலியில் சேர்த்து எழுதச் சொல்கிறார். தகப்பனைக் கனம்பண்ணுவதா, பொய் எழுதாமல் இருப்பதா? இரண்டும் கட்டளைதானே. அம்மா, “நீ டைப் பண்ணிக் கொடு, மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்கிடுவார்” என்கிறார்கள். நம்பி விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தம்பி, அம்மா சொன்னதில் பின்பாதி சரி. மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். ஆனால் கொத்தனார் கூலி என்று டைப் செய்யப்போவது உங்கள் விரல். அது மிச்சத்தில் சேராது. நாம் செய்யவேண்டியதை அவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது நம் வீடுகளில் ரொம்ப நாளாக நடக்கிறது.

அப்பாவைக் கனம்பண்ணுவதற்கும் அவர் பாவத்துக்குக் கைகொடுக்காமல் இருப்பதற்கும் நடுவில் உங்களைப்போல மாட்டிக்கொண்டவர் யோனத்தான். ஞாயிறு பள்ளியில் அவரைத் தாவீதின் நண்பராக மட்டும் காட்டி முடித்துவிடுகிறோம். அவர் சவுல் ராஜாவின் மகன், அடுத்து சிங்காசனத்தில் உட்கார வேண்டியவர். தாவீதைக் கொல்ல வேண்டும் என்று அப்பா முடிவெடுத்தபோது அவர் என்ன செய்தார் என்று 1 சாமுவேல் 19, 20 அதிகாரங்களை நிதானமாக வாசித்துப் பாருங்கள். முதலில் அப்பாவிடமே போனார். வெளியே வயலில் தனியாக நிறுத்தி, தாவீது உங்களுக்கு என்ன கெடுதல் செய்தான் என்று கேட்டார். சவுல் அன்றைக்குச் செவிகொடுத்தார், கொல்வதில்லை என்று ஆணையும் இட்டார். அந்த ஆணை நிற்கவில்லை. பிறகு அமாவாசை விருந்தில் மறுபடியும் பேசியபோது, பெற்ற மகன் மேலேயே ஈட்டியை எறிந்தார். யோனத்தான் சாப்பிடாமல் எழுந்துபோனார். மறுநாள் காலையில் தாவீதை எச்சரித்துத் தப்பவிட்டார்.

அந்த விருந்தில், தாவீது பெத்லகேமுக்குக் குடும்பப் பலிக்காகப் போயிருப்பதாக அவர் அப்பாவிடம் சொன்னது பொய். உயிரைக் காக்கச் சொன்ன பொய்தான் என்றாலும் அதை நான் முன்மாதிரியாகப் பிரசங்கிப்பதில்லை.

நான் அடிக்கடி யோசிப்பது அதற்கு அடுத்ததை. சீப் வனாந்தரத்துக் காட்டில் ஒளிந்திருந்த தாவீதைத் தேடிப்போய் யோனத்தான் திடப்படுத்துகிறார்: ராஜாவாகப் போகிறவர் நீர், நான் உமக்கு அடுத்த இடத்தில் இருப்பேன் என்கிறார். சொல்லிவிட்டு, தாவீதோடு தங்காமல் வீட்டுக்குத் திரும்புகிறார். எந்த வீட்டுக்கு? ஈட்டி எறிந்த அப்பா இருக்கும் வீட்டுக்கு. அப்பாவின் பாவத்துக்குக் கைகொடுக்கவில்லை, அப்பாவையும் கைவிடவில்லை. ஆசைப்பட்ட இரண்டாம் இடம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. கில்போவா மலையில் பெலிஸ்தரோடு நடந்த யுத்தத்தில் அப்பாவுடனே மாண்டார். பல வருடம் கழித்து, இரண்டு கால்களும் முடமான அவர் மகன் மேவிபோசேத்தைத் தாவீது தன் பந்தியில் உட்காரவைத்தார். அதைப் பார்க்க யோனத்தான் இல்லை. ஆண்டவரை நம்புவது என்று நான் சொல்வது இதைத்தான். சரியானதைச் செய்தால் வீட்டில் எல்லாம் சுமுகமாகிவிடும் என்று உங்களுக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

இனி உங்கள் காரியம். அந்தக் கணக்கை டைப் செய்யாதீர்கள். ஏன் செய்யவில்லை என்பதை அப்பாவிடம் தனியாக, வயலிலோ திண்ணையிலோ வைத்துச் சொல்லுங்கள். தங்கச்சி காதில் விழ வேண்டாம். கல்யாணம் முடிந்த வீட்டில் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் கூசிப்போகும். திருப்பி வைக்கும் எண்ணத்தோடு எடுத்தாலும் அது கையாடல்தான், கொஞ்ச காலத்துக்கு எடுத்தாலும் குற்றமே என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. இதை மிரட்டலாக இல்லாமல், அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகச் சொல்லுங்கள். அறுவடைவரை காத்திருக்க வேண்டாம். கடன் வாங்க முடிந்தால் வாங்குங்கள், உங்கள் சம்பளத்திலிருந்தும் போடுங்கள். மகனாகக் கனம்பண்ணுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பணத்தை வைத்துவிட்டால் போதுமா? போதாது. கமிட்டிக்குத் தெரிய வேண்டும், அதுவும் அப்பா வாயால் தெரிய வேண்டும். கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்கு முன்பே அவர் சேகர குருவிடம் போய்ச் சொல்லட்டும். நீங்களும் கூடப் போங்கள். கூட்டத் தேதிவரை அவர் மறுத்தால், நீங்கள் போய்ச் சொல்லுங்கள், ஆனால் போவதாக அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். மொட்டைக் கடுதாசி வேண்டாம், சபை வாட்ஸப் குழுவும் வேண்டாம். சபைத் தேர்தல் நேரத்தில் இப்படி ஒரு செய்திக்காகவே காத்திருப்பவர்கள் எந்தச் சேகரத்திலும் உண்டு. அவர்களுக்குச் சத்தியத்தின்மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது.

அப்பா கோபப்படுவார், சில நாள் பேசாமலும் இருப்பார். அந்த நாட்களிலும் அவருக்குச் சாப்பாடு எடுத்துவையுங்கள், மருந்து வாங்கிக் கொடுங்கள். அம்மாவிடம் ஜெபிக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன அந்த ‘மிச்சம்’ இப்போதுதான் தொடங்குகிறது.

பணம் கட்டும்போது ரசீது வாங்க மறக்காதீர்கள். கட்டிய அன்றைய தேதியிலேயே வாங்குங்கள். பழைய தேதி போட்டுத் தருகிறேன் என்று யாராவது உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.