கட்டிலுக்கு அடியில் ஒரு பருவம்

தில்லியில் புதிதாகக் குடியேறுகிறவர்கள் முதலில் எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், பெட்டிக் கட்டில் என்றுதான் சொல்வேன். ஸோஃபாவும் டைனிங் டேபிளும் மெதுவாக வரட்டும். பலகையைத் தூக்கினால் உள்ளே ஓர் ஆளே படுக்கலாம் போல இடம் இருக்கும் அந்தக் கட்டில் இல்லாமல் இங்கே குடித்தனம் நடத்துவது சிரமம். மதுரையில் ஜனவரியில் போர்த்திய போர்வையையே ஜூலையிலும் போர்த்திக்கொள்ளலாம். இங்கே ஜனவரி இரவு 5 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்; மே, ஜூன் பகல் 45-ஐத் தொடும். அதனால் வீட்டுச் சாமான்களில் பாதி எந்த மாதத்திலும் வேண்டாத சாமான்தான். அந்தப் பாதிக்கு இடம் கட்டிலின் வயிறு.

கணவரின் வேலை மாற்றலில் மயூர் விஹாருக்கு வந்து சேர்ந்த எனக்கு இந்த ஊர்க் குடித்தனத்தைச் சொல்லிக் கொடுத்தவர் மேல் வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி. அவர் எந்த வேலையையும் அந்தந்தப் பருவத்தில் செய்து நான் பார்த்ததில்லை. குளிருக்கான வேலை மழை முடிந்ததும் தொடங்கிவிடும். கோடைக்கான வேலை ஹோலியோடு. இங்கே வீடு நடத்துவதன் சூட்சுமமே இதுதான்: ஒரு பருவம் முன்னால் இருக்க வேண்டும். நான் கற்றுக்கொண்டதை மாத வரிசையில் சொல்கிறேன்.

அக்டோபர்: பஞ்சு அடிக்கிற மாதம்

நவராத்திரி கொலு இறங்கியதும் ரஜாய் என்கிற தடித்த குளிர்காலப் போர்வைக்கான வேலை. கடையில் அடைத்து வைத்திருக்கும் பாலியஸ்டர் ரஜாய் இலேசானது, துவைக்கவும் சுலபம். ஆனாலும் ஜனவரி நடுவில் பஞ்சு ரஜாய்தான் நிற்கும். சந்தைத் தெருக்களில் பஞ்சுக் கடைகள் இருக்கின்றன. எத்தனை கிலோ பஞ்சு என்று நாம் சொன்னால், நம் கண் முன்னே மெஷினில் அடித்து, உறைக்குள் பரப்பி, மேலே நூலோட்டித் தருவார்கள். ஒருவர் போர்த்திக்கொள்ள இரண்டு, இரண்டரை கிலோ போதும். கவனிக்க வேண்டியது நூலோட்டத்தை. தையல் வரிசைகள் நெருக்கமாக இருந்தால்தான் பஞ்சு ஒரு மூலையில் போய்ச் சுருளாது. கூலி கொஞ்சம் கூடக் கொடுத்தாவது நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

பஞ்சு ரஜாயைத் துவைக்க முடியாது. ஆகவே அதற்கு மேலே ஒரு பருத்தி உறை போட்டு, உறையை மட்டும் துவைக்க வேண்டும். சில குளிர்காலம் போனதும் பஞ்சு அமுங்கிக் கனத்துவிடும். தூக்கிப் போட வேண்டாம். அதே பஞ்சைத் திரும்ப அடித்து, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்தால் மறுபடி எழும்பிவிடும். தீபாவளி நெருங்கினால் கடைக்காரர் கையில் பிடிபட மாட்டார். “பேட்டா, குளிர் வந்தப்புறம் ரஜாய் தைக்கக் கொடுத்தா, குளிர் போனப்புறம்தான் கைக்கு வரும்” என்பார் ஆண்ட்டி.

டிசம்பர்: பொங்காத மாவும் உறைந்த எண்ணெயும்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை முதலில் சோதிப்பது இட்லி மாவு. ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும் என்ற கணக்கு இங்கே டிசம்பரில் செல்லாது. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 டிகிரி வரையிலான சூடு வேண்டும். நம் சமையலறையில் பாதிகூட இருக்காது.

நான் செய்வது இது. ராத்திரிக்குப் பதில் காலையில் அரைத்துவிடுகிறேன், மாவுக்குப் பகல் வெயிலின் கதகதப்பு கிடைக்கும். அரைக்க வெதுவெதுப்பான தண்ணீர். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம். உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும் என்பதால், மாவு பொங்கிய பிறகே உப்பு. கரண்டியால் கலக்காமல் கையால் நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, விளக்கை மட்டும் எரிய விடலாம். அந்தச் சின்ன பல்பின் சூடே போதும். ஓவன் இல்லாத வீட்டில் இருக்கவே இருக்கிறது ரஜாய். மூடியை இறுக்கிச் சுற்றி, கட்டிலில் ஓரமாகப் படுக்க வைத்துவிடுங்கள்; பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம். இத்தனை செய்தாலும் மறுநாள் காலை வரை பொறுமை வேண்டும். கோடையில் எல்லாம் தலைகீழ்: ஐஸ் தண்ணீரில் அரைத்து, முதலிலேயே உப்புப் போட்டு, நாலைந்து மணி நேரத்தில் ஃபிரிட்ஜில் ஏற்றாவிட்டால் மேடையெல்லாம் மாவு.

தயிருக்கும் இதே கதைதான். பால் வழக்கத்தைவிடச் சற்றுச் சூடாக இருக்கும்போதே உறை ஊற்றி, மோர் அளவைக் கூட்டி, ஹாட்கேஸுக்குள் வைத்து மூடிவிட்டால் காலையில் கட்டியாக இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நவம்பரிலேயே அதை வாயகன்ற டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். குறுகிய வாய் பாட்டிலைக் குலுக்கிப் பயனில்லை. எண்ணெய்க் குளியல் சனிக்கிழமைதான் வேண்டும் என்றால் மதியம் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலையில் வேண்டாம்.

ஜனவரி: வெயிலில் நடக்கும் குடித்தனம்

குளிர்காலத் தில்லியின் காய்கறிச் சந்தை ஒரு கொண்டாட்டம். வாரச் சந்தைகளுக்குக் கிழமைதான் பெயர்: சோம் (திங்கள்) பஜார், புத் (புதன்) பஜார். சாயங்காலம் கடை விரிப்பார்கள். செக்கச்செவேல் என்ற நீளக் கேரட், இளம் முள்ளங்கி, பச்சைப் பட்டாணி, கட்டுக் கட்டாக வெந்தயக் கீரை. வெந்தயக் கீரையை வதக்கிப் போட்ட சாம்பார் குளிருக்குச் சுகம். பத்துவா என்ற கீரையைப் பாசிப்பருப்போடு மசித்து, சீரகமும் மிளகும் தாளித்துப் பாருங்கள். நம் ஊர்க் கீரை மசியலுக்குக் குறைந்ததில்லை. பட்டாணி மலிந்த வாரத்தில் ஐந்து கிலோ வாங்கி உரித்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் போனதும் ஃப்ரீஸரில் வைத்தால் ஹோலி தாண்டியும் வரும்.

பட்டாணி உரிப்பதும் கீரை ஆய்வதும் இங்கே வீட்டுக்குள் நடக்கிற வேலை இல்லை. பதினொரு மணி வெயிலில் பூங்காவிலோ மொட்டை மாடியிலோ பெண்கள் கூடிவிடுவார்கள். அவரவர் மடியில் ஒரு வேலை. எனக்கு ஹிந்தி வந்தது அங்கேதான், ஸ்வெட்டர் பின்ன வந்ததும் அங்கேதான். கண்ணியை ஃபந்தா என்பார்கள். நேர்க்கண்ணி சீதா, மறுகண்ணி உல்டா. இரண்டும் கைக்கு வந்துவிட்டால் மீதியெல்லாம் எண்ணிக்கை.

பின்னத் தொடங்குகிறவர்களுக்கு மூன்று யோசனை. முதலில் மஃப்ளர், கழுத்து வெட்டும் கையும் உள்ள ஸ்வெட்டர் அடுத்த வருஷம். இரண்டாவது, கம்பளி நூலை மொத்தமாக ஒரே நாளில் வாங்குங்கள். அடுத்த முறை சாயம் போட்ட நூல் அதே நிறம் என்று கடைக்காரர் சொன்னாலும் வெயிலில் பார்த்தால் வேறாகத் தெரியும். மூன்றாவது, இங்கே விற்கும் ஊசிகளில் எண் ஏற ஏற ஊசி மெலியும். ஸ்வெட்டரின் அடிப்பட்டையை 12-ஆம் எண்ணில் இறுக்கமாகப் பின்னி, உடம்பை 10-ஆம் எண்ணில் தொடர்ந்தால் பட்டை தொங்காது. இந்தக் குளிருக்கு வேண்டுமானால் செப்டம்பரில் ஊசியை எடுக்க வேண்டும்.

பொங்கலுக்கு இந்த ஊர் நன்றாகவே கை கொடுக்கிறது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில், முசாஃபர் நகர்ப் பக்கம், அப்போதுதான் கரும்பு ஆட்டிக் காய்ச்சிய புது வெல்லம் சந்தைக்கு வந்திருக்கும். மஞ்சள் கொத்து கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். குளிர்காலத்தில் பச்சை மஞ்சள் கிழங்கு காய்கறிக் கடையிலேயே விற்கும், அதை நூலில் கோத்துப் பானைக்குக் கட்டலாம். முதல் நாள் பஞ்சாபிகளின் லோரிப் பண்டிகை. அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் வேர்க்கடலைக்கும் ரேவடி என்கிற எள் மிட்டாய்க்கும் மறுநாள் ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கல் பதிலாகப் போகும். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவதில்லை என்பது இரண்டு ஊருக்கும் பொது வழக்கம்.

ஏப்ரல்: வடாம், கோதுமை, கூலர்

ஹோலி முடிந்ததும் கட்டிலின் பலகை தூக்கப்படும். ரஜாய்களை இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, சூடு ஆறியபின் உள்ளே வைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். கம்பளித் துணிகளைத் துவைக்காமல் வைக்கக் கூடாது. பூச்சி தேடி வருவது வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த துணியைத்தான். நாஃப்தலின் உருண்டையைத் துணியில் முடிந்து வையுங்கள்.

வடாம் பிழிய இதைவிடச் சிறந்த ஊர் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் காற்றில் ஈரமே இருக்காது. காலை ஏழு மணிக்குப் பிழிந்தால் மாலைக்குள் கலகலவென்று சத்தம் கேட்கும். ஒரே எதிரி ஆந்தி என்கிற புழுதிக்காற்று. பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் கிளம்பும். ஆகவே நாலு மணிக்குள் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள், மேலே மெல்லிய வேட்டியைப் போர்த்தியே காய வையுங்கள். அதே மாடியில் வடநாட்டுப் பெண்கள் உருளைக்கிழங்கு சிப்ஸும் அப்பளமும் காய வைத்திருப்பார்கள். ஒரு படி வடாம் கொடுத்தால் ஒரு படி சிப்ஸ் வரும்.

இதே சமயம் புதுக் கோதுமை வரும். மொத்தமாக வாங்கிக் காய வைத்து டிரம்மில் வைத்துக்கொண்டு, பத்து நாளுக்கொரு முறை சக்கி என்கிற மாவு மில்லில் அரைப்பது இங்கே பல வீடுகளில் பழக்கம். அந்தச் சப்பாத்தியின் மென்மை பாக்கெட் மாவில் வராது. ஆனால் இடியாப்பத்துக்கு அரிசி அரைக்க அதே சக்கிக்குப் போனால், எந்திரத்தில் தங்கியிருக்கும் கோதுமை கலந்துவிடும். முதலில் கொஞ்சம் அரிசியை ஓட்டி, அந்த மாவைத் தோசைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கூலரின் பக்கப் பலகைகளில் இருக்கும் புல்லை ஏப்ரல் தொடக்கத்திலேயே மாற்ற வேண்டும். மரச்சீவல் மலிவு, வெட்டிவேர் விலை கூடுதல், ஆனால் வீடே மணக்கும். கூலர் ஓடும்போது கதவு ஜன்னலைச் சாத்தக் கூடாது. தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிர்கிறது. அந்த ஈரக்காற்று வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மழைக்காலம் வந்து காற்றே ஈரமானதும் கூலர் பயன்படாது. தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, துடைத்து, காய விடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து கூலரைத் திறந்து பார்ப்பதும் உண்டு.

எது எங்கே

தமிழ்நாட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. சின்ன வெங்காயம், வாழைப்பூ, மீன் எல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும். காபிப் பொடிக்கு லோதி காலனி கன்னா மார்க்கெட்டில் தேவன்ஸ். ஆர்.கே.புரத்தில் மலை மந்திரும் தில்லித் தமிழ்ச் சங்கமும் இருப்பதால், அந்தப் பக்கம் போனால் ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டு வரலாம். மதர் டெய்ரி பூத்துக்குப் பாத்திரத்தோடு போனால் மெஷினிலிருந்தே பால் பிடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. முதல் வருஷம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். மே மாதம் வந்திறங்கியவர் ஹீட்டர் தள்ளுபடி என்று வாங்குவதும், டிசம்பரில் வந்தவர் கூலரைப் பேரம் பேசுவதும் வேண்டாத வேலை. அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன வேண்டும் என்று மட்டும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சமையலறைத் தினசரி காலண்டரில், ஆடிக்கும் மார்கழிக்கும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். இரண்டாவது வருஷம் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. மூன்றாவது வருஷம் புதிதாக வருகிறவர்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.