குட்டி க்ரூஸருக்குப் பை தேடும்போது

ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350, பஜாஜ் அவெஞ்சர் 220 போன்ற வண்டிகளைத் தள்ளி நின்று பார்த்தால், மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சுற்றவே செய்தவை என்று தோன்றும். தாழ்ந்த சீட், நீள உடம்பு, பில்லியனுக்குச் சாய்மானம். பையைத் தூக்கி மேலே போட்டுப் பார்க்கும்போதுதான் இடம் எவ்வளவு குறைவு என்று தெரியும். வலப்பக்கம் சைலன்சர் மறிக்கும். இடப்பக்கம் சாரி கார்டு. பை தொங்கவேண்டிய அதே இடத்தில் இண்டிகேட்டர்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். கடைகளில் கிடைக்கும் நல்ல பைகளில் பலவும் உயரமான அட்வென்ச்சர் வண்டிகளுக்கு அளவெடுத்தவை. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருக்கும். மாட்டலாம்தான், மாட்டிய இடத்தில் நிற்காது.

அதனால் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போகுமுன் இன்ச் டேப்போடு வண்டியிடம் போங்கள். பில்லியன் சீட் விளிம்பிலிருந்து சைலன்சரின் மேல்பக்கம் வரை எவ்வளவு, ஷாக்கிலிருந்து இண்டிகேட்டர் வரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பேரை ஏற்றி உட்காரவைத்து, பை தொங்கப்போகும் இடத்துக்கும் பின் டயருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சைலன்சர் பாடியோடு சேர்ந்தே இறங்கும், ஆகவே அந்த அளவு மாறாது. சக்கரம்தான் மேலே ஏறி வந்து பையை உரசும்.

அடுத்த கேள்வி, பின்னால் ஆள் வருவாரா? தனியாகப் போகிறவருக்குப் பில்லியன் சீட் முழுவதும் சொந்தம். அவர் அதிகம் யோசிக்கவேண்டியதில்லை. ஆள் ஏறினால் சாமான் பக்கவாட்டுக்கோ சீட்டுக்குப் பின்னாலோதான் போகவேண்டும். எடைக் கணக்கும் இறுகிவிடும். அவெஞ்சர் 220 சுமார் 163 கிலோ, மீட்டியர் 191 கிலோ. ஓனர் மேனுவலில் வண்டி தாங்கும் மொத்த எடை போட்டிருப்பார்கள். அதில் வண்டி எடையையும் இரண்டு பேரின் எடையையும் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூவோடு சேர்த்துக் கழித்துப் பாருங்கள். வீட்டுச் சாப்பாடு நன்றாக இறங்கிய இரண்டு பேர் என்றால் மிச்சம் சொற்பம்தான். எண்பது லிட்டர் பை வாங்கி அதை நிரப்பவும் செய்கிறவர்கள் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை.

க்ரூஸரில் ஓட்டுகிறவர் பின் சக்கரத்தை ஒட்டித் தாழ்வாக உட்கார்கிறார். பின்பக்கம் ஏற்கெனவே பாரம். பின் அச்சையும் தாண்டி வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தை இன்னும் லேசாக்கும். ஈசிஆரில் நேராகப் போகும்வரை இது உறைக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் ஐந்தாறிலேயே உறைத்துவிடும்: ஹேண்டில் திருப்பியும் வண்டி அகலமாகப் போகும், எதிரே பஸ் வரும்.

இந்தக் கணக்கில் முதலில் அடிவாங்குவது டாப் பாக்ஸ். உயரத்தில், அச்சுக்குப் பின்னால், காற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பெட்டி அது. அதோடு க்ரூஸரின் அழகுக்கும் அதற்கும் ஜென்மப் பகை. ஆனாலும் அதை ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். தினமும் ஆபீஸ் போய்வருகிறவருக்கு அதைவிட உருப்படியான சாமான் கிடையாது. பூட்டலாம், மழை இறங்காது, ஏறத்தாழ 30 லிட்டருக்கு மேல் இருந்தால் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் ஒன்று அடங்கும். பெட்டிக்கும் கேரியருக்கும் தனித்தனியே எடை வரம்பு உண்டு, பெரும்பாலும் ஒற்றை இலக்கக் கிலோதான். அந்த வரம்புக்குள் ரெயின்கோட், லேப்டாப், டிபன் பாக்ஸ் என்று லேசாக வைத்துக்கொண்டால் தொல்லை தராது. இரண்டு பேருடைய மூன்று நாள் துணியையும் அதில் திணிக்கும்போதுதான் கேரியர் வெல்டிங் விடும்.

அலுமினியப் பக்கப் பெட்டிகள் இந்த அளவு வண்டிக்கு வேண்டாம். வெறும் பெட்டியும் அதைத் தாங்கும் ஃபிரேமும் சேர்ந்தே நீங்கள் கொண்டுபோக நினைத்த சாமானின் எடையைத் தின்றுவிடும். டிராஃபிக்கில் ஹேண்டில் நுழைந்த சந்தில் பெட்டி நுழையாது. வண்டி சாய்ந்தால் காலும் பெட்டிக்கு அடியில் மாட்டும்.

க்ரூஸருக்குப் பொருத்தமானது சேடில் பேக்தான், பார்க்கவும் சரி, எடைக்கும் சரி. பாரம் தாழ்வாக, பின் அச்சை ஒட்டியே நிற்கும். பின்னால் ஆள் வந்தாலும் இடைஞ்சல் இல்லை. இதில் தோல், துணி என்று இரண்டு கட்சி.

தோல் பை கட்சியில் அழகு மட்டும் இருக்கிறது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர்போன ஊர்களைப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நல்ல கனத்த தோலில், கேட்ட அளவில் தைத்துத் தருகிறவர்கள் கிடைப்பார்கள். வண்டிக்கு அளவெடுத்துத் தைத்தால் சைலன்சருக்கு மேலே சரியாக நிற்கும்படி வலப்பையைக் குட்டையாக்கலாம். கடையில் வாங்கும் ஜோடியில் அது நடக்காது. ஆனால் தோல் காலியாகவே கனம். ஐப்பசி மழையில் ஒருமுறை ஊறினால் காய நாளாகும், சரியாகக் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும். எண்ணெய் போட்டுப் பராமரிக்கும் பொறுமை இருந்தால் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போய் காபி குடித்துத் திரும்புகிறவருக்கு அது போதும்.

வெகுதூரம் போகிறவருக்கு நைலான், கோர்டுரா துணிப் பை. ஜோடிக்கு 30 முதல் 40 லிட்டர் போதும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். சீட்டின் குறுக்கே போகும் பட்டை அகலமாக இருக்கவேண்டும்; ஒல்லிப் பட்டையென்றால் பில்லியன் அரைமணியில் நெளிவார். கீழ்ப்பக்கத்தை இழுத்துக் கட்டத் தனி ஸ்ட்ராப் வேண்டும், இல்லாவிட்டால் பை ஆடி ஆடிச் சக்கரம் பக்கம் போகும். சைலன்சர் பக்கம் வெப்பம் தாங்கும் பட்டை வேண்டும், ஏனென்றால் நைலான் கருகாது, உருகி ஒட்டிக்கொள்ளும். நம்மூர் வண்டிகளில் இடப்பக்கம் சாரி கார்டு பையைச் சக்கரத்திலிருந்து தள்ளிவைக்கும். அழகுக்காக அதைக் கழற்றியவர்கள் இரண்டு பக்கமும் சின்னக் கம்பி சப்போர்ட் அடித்துக்கொள்வது நல்லது.

மழைக்கென்று பையோடு தரும் உறையை நம்பாதீர்கள். மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. டயர் அள்ளி வீசும் சேற்றுத் தண்ணீர் பையின் உட்பக்கத்தில்தான் அடிக்கும், உறை அங்கே மூடியிருக்காது. வேகத்தில் காற்றுப் பிடித்துப் பறந்தும் போகும். உள்ளே தனியாக வாட்டர்ப்ரூஃப் பை இருக்கும் மாடல் நல்லது. அது இல்லாவிட்டால் கனமான பிளாஸ்டிக் கவரில் துணியைச் சுற்றி வைப்பதே மேல்.

தனியாகப் போகிறவருக்கு என் ஓட்டு ரோல் டாப் பைக்கு. தார்ப்பாய் போன்ற துணியில், தையல் இல்லாமல் ஒட்டி, வாயைச் சுருட்டி மூடும் உருளைப் பை. 40 லிட்டர் ஒன்றைப் பில்லியன் சீட்டில் குறுக்காகப் போட்டு, சாய்மானத்தோடு சேர்த்துக் கட்டினால் அசையாது, முதுகுக்கு அண்டைகொடுக்கும். ஜிப் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை, விலையும் சேடில் பேக் ஜோடியைவிடப் பொதுவாகக் குறைவு. ஒரே குறை, அடியில் இருக்கும் சார்ஜரை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்டவேண்டும். கட்டுவதற்கு கொக்கி வைத்த பங்ஜி கயிறு வேண்டாம். இழுக்கும்போது கை நழுவினால் கொக்கி நேரே கண்ணுக்கு வரும். சக்கரத்தில் சிக்கினால் இன்னும் மோசம். பக்கிள் வைத்த தட்டை ஸ்ட்ராப் நான்கு வாங்கி, தொங்கும் வால்களை முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

டேங்க் பேக் இரும்பு டேங்கில் காந்தத்தால் நிற்கும். ஆனால் க்ரூஸரின் ஹேண்டில் பின்னால் வளைந்து வருவதால் முழுக்கத் திருப்பும்போது இடிக்கும். போன், பர்ஸ் வைக்கும் குட்டிப் பை போதும். முதுகுப் பையைத் தவிர்த்துவிடுங்கள். கால் முன்னால் நீட்டியிருப்பதால் பள்ளத்தில் எழுந்து நின்று சமாளிக்க முடியாத வண்டி இது. தோளில் தொங்கும் கனமும் சேர்ந்து முதுகுத்தண்டில் இறங்கும்.

பை கட்டிய பிறகு பின் ஷாக்கை ஓரிரு படி இறுக்குங்கள். மீட்டியரில் அதற்கு ஆறு படிகள் உண்டு. டயரில் சுமைக்கான காற்று வையுங்கள். நம்பர் பிளேட், டெயில் லைட், இண்டிகேட்டர் எதுவும் மறையவில்லை என்று பின்னால் நின்று பாருங்கள். கிளம்பி இருபது கிலோமீட்டரில் முதல் டீக்கடையில் நிறுத்தி ஸ்ட்ராப்களை மறுபடி இழுங்கள். துணி அமுங்கி, கட்டு கட்டாயம் தளர்ந்திருக்கும். அவெஞ்சர் க்ரூஸ்போல ஸ்போக் சக்கரமும் டியூபும் உள்ள வண்டி என்றால் ஒரு டியூபும் டயர் லீவரும் பம்ப்பும் எல்லாப் பைக்கும் மேலே, கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.