சுட்டும் சொற்பிறப்பும்

கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னர், அத்துறையிற் புகுந்து தமிழ்ச் சொற்களின் வேர் காண்டலையே வாழ்நாட் பணியாகக் கொண்ட தமிழருள் தலைநின்றவர் ஞா. தேவநேயப் பாவாணர் ஆவர். 1902-இல் சங்கரநயினார்கோயிலிற் பிறந்த இவர், 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். கிறித்துவராயினும் நம்மனோர்க்கு அயலாரல்லர். அவர்தம் நூல்கள் பலவற்றை அச்சேற்றியது தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகமேயாம்.

சேலத்திருந்த காலத்து வெளிவந்த 'முதற்றாய்மொழி' (1953) அவர் கொள்கையின் உயிர்நிலை எனலாம். அ, இ, உ என்னும் சுட்டொலிகளே சொற்கட்கு வித்து என்பதும், முன்மை குறிக்கும் உகரச் சுட்டினின்று 'உல்' என்னும் வேர் கிளைத்து முன், முனை, முளை முதலிய சொற்குடும்பங்கள் பிறந்தன என்பதும் அவர் துணிபு.

ஏட்டு வழக்கோடு உலக வழக்கையும் சான்றாகக் கொண்டமை அவர்தம் தனிச்சிறப்பு. சேலத்தின் ஒரு பகுதியாகிய அம்மாபேட்டையில் தறிநெய்வார் வாயில் வழங்குவனவற்றையே காண்க. நீளப் பாவப்படுதலின் 'பாவு'. அதனூடே செல்லுதலின் 'ஊடை'. பொருட்காரணம் தறியின்மேற் கண்கூடாகத் தோன்றுகின்றது, அகராதி வேண்டுவதில்லை.

நிற்க. தமிழே உலக முதன்மொழி என்றும், ஆரியத்திற்கும் அதுவே மூலம் என்றும் அவர் நாட்டியவற்றை இற்றை மொழிநூலார் உடன்படுவதில்லை. ஒலியொப்புமை மட்டும் போதாது, இனமொழிகள் பலவற்றினும் முறைப்பட்ட ஒலித்திரிபு காட்டல் வேண்டும் என்பர். பரோ, எமனோ என்பார் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி அந்நெறியது. இத்தடை வலியுடைத்தென்றே யாமும் கொள்கின்றோம்.

இது நமக்கு வேண்டாத வழக்கன்று. 'சிவம்' என்னும் சொல் செம்மை நிறம் பற்றி எழுந்த தமிழ்ச்சொல் என்பார் பாவாணர். மங்கலப் பொருட்டாய வடசொல் என்பார் பிறர். இருதிறத்தாரும் ஒன்று மறத்தலாகாது. சொற்பிறப்பு சொல்லின் வரலாற்றைக் காட்டுமன்றி, பொருளின் உண்மையை நாட்டும் அளவையாகாது. சிவந்தவன் எனினும் மங்கலன் எனினும், பதியிலக்கணம் காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளால் துணியப்படுவதே.

ஆயினும், பாவாணர் ஆய்வு சித்தாந்திக்குத் தரும் பயன் வேறொன்றுண்டு. அதனை அவர் கருதினாரோ, அறியோம். சிவஞானபோத முதற்சூத்திரம் உலகத் தொகுதியை ஆண், பெண், அஃறிணை என்னும் மூன்று சுட்டுப்பெயர்களால் வகுத்துக்கொண்டு தொடங்குகின்றது. ஆறாஞ் சூத்திரத்திலோ சுட்டியறியப்படுவன அசத்தென்றும், எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியமென்றும் விலக்கி, இவ்விரண்டின் வேறாகச் சிவசத்து நிறுவப்படுகின்றது. சொல்லெல்லாம் சுட்டினின்று பிறந்தன என்பது ஓரளவிற் பொருந்துமாயினும், சுட்டிறந்த பொருளைச் சொல் சென்று பற்றாமை ஏன் என்பதற்கு மொழியின் பிறப்பிலேயே ஒரு காரணம் கிடைக்கின்றது. 'வாக்கு மனாதீதம்' என நாம் பாடஞ் சொல்லுமிடத்து இதனை மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டலாம்.

தமிழக அரசு 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை ஏற்படுத்தி, அதற்கு அவரை இயக்குநராக்கிற்று. 1981 சனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய பின் நோய்ப்பட்டு, அந்நகரிலேயே அவர் மறைந்தார். அகரமுதலியின் முதன்மடலம் 1985-இல் வெளிவந்தது. ஏனையவற்றைப் பின்வந்தோர் தொடர்ந்து வெளியிட்டனர். மடத்து நூல்நிலையங்கள் அதனை வாங்கிவைத்து, சாத்திரச் சொற்களை உரைகளோடு ஒட்டி நோக்குதல் நன்று.