தூள் எங்கே தங்குகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மசாலாத்தூள் ஆலைக்கு ஸ்க்ரூ கன்வேயர் நல்லதா, காற்றழுத்தத்தில் குழாய்வழி அனுப்புவது நல்லதா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியைவிட, போகிறபோக்கில் நீ எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. எதை வாங்கினாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டால் முழுக்க மூடிவிட்டால் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் குறைவிருக்காது என்கிறாய். இயந்திரம் விற்க வருகிறவர் இப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். உணவுப் பொறியியல் படித்த நீ சொல்லலாமா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊர். அங்கே இம்பீரியல் சுகர் நிறுவனத்தின் சர்க்கரை ஆலையில், சைலோக்களுக்கு அடியிலிருந்த சுரங்கப்பாதையில் ஒரு எஃகுப் பெல்ட் கன்வேயர் பல ஆண்டுகள் திறந்தபடியே ஓடியது. மேலிருந்து அழுக்கு எதுவும் சர்க்கரையில் விழக்கூடாது என்று 2007-இல் அதைத் தகடு போட்டு மூடினார்கள். நீ நினைப்பதைத்தான் அவர்களும் நினைத்தார்கள். ஆனால் உள்ளே சேரும் தூசை உறிஞ்சி எடுக்க ஏற்பாடு இல்லை. வெடித்தால் அழுத்தம் வெளியேற வழியும் வைக்கவில்லை. முன்பு சுரங்கப்பாதை முழுக்கப் பரவிக் கலைந்துபோன தூசு, இப்போது பெட்டிக்குள் அடைபட்டு, பற்றிக்கொள்ளும் அளவுக்கு அடர்ந்தது. 2008 பிப்ரவரி 7 அன்று இரவு வெடித்தது. சூடேறிய ஒரு பேரிங்தான் பெரும்பாலும் தீயை மூட்டியிருக்கும் என்று அந்நாட்டு இரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது. அதோடு முடியவில்லை. தளங்களிலும் இயந்திரங்களின் மேலும் பெருக்கப்படாமல் கிடந்த சர்க்கரைத்தூசு அந்த அதிர்ச்சியில் கிளம்பி, கட்டடம் கட்டடமாக வெடித்துக்கொண்டே போனது. 14 பேர் இறந்தார்கள்.

அந்த விசாரணை அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை உட்காரவைத்து வாசித்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் எடுத்துப் பார்க்கிறேன். சர்க்கரைக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்துவிடாதே. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மாவு என்று நன்றாக அரைபட்டுக் காய்ந்த உணவுத்தூள் எதுவும் காற்றில் மிதக்கும்போது எரியக்கூடியதுதான்.

மூடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடியதும் கண்ணிலிருந்து மறைந்துவிடும் தூளைப் பற்றித்தான் சொல்கிறேன். கன்வேயர் பற்றிய எந்தக் கேட்லாக்கும் மணிக்கு எத்தனை டன் ஓடும் என்றுதான் பேசும். ஸ்விட்சை அணைத்த பிறகு உள்ளே எத்தனை கிலோ தங்கும் என்று எதிலும் போட்டிருக்காது. உணவு ஆலையில் முதலில் கேட்கவேண்டிய கணக்கு அதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஸ்க்ரூ கன்வேயரையே எடுத்துக்கொள். சுழலும் அலகு தொட்டியின் அடியில் உரசாமலிருக்கச் சிறிது இடைவெளி விட்டாகவேண்டும். அந்த இடைவெளியில் படியும் தூள் நகராது. இன்று மிளகாய், நாளை மஞ்சள் என்று ஒரே வழியில் ஓட்டினால், நேற்றைய மிளகாய் இன்றைய மஞ்சளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே வரும். பக்கெட் எலிவேட்டரில் அடிப்பெட்டிதான் பிரச்சினை. கப்பு அள்ளாமல் விடும் தூள் அங்கே வாரக்கணக்கில் கிடக்கும். மாவு வண்டுக்கு 30 பாகை வெப்பம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் முட்டை வண்டாகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு அது பெரிய விஷயமே இல்லை. காற்றுக்குழாயில் நேரான பகுதி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். தூளையும் காற்றையும் பிரிக்கும் பைவடிகட்டியில்தான் எல்லாம் சேரும். அங்கே எர்த் சரியாக இல்லையென்றால் நிலைமின்சாரப் பொறியும் சேர்ந்துகொள்ளும்.

தூளைக் கொட்டி அடிவழியே இறக்கும் ஹாப்பரை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதே. போலந்தில் பிறந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஆண்ட்ரூ ஜெனிக்கே 1964-இல் வெளியிட்ட ஆய்வேட்டைத் தேடிப்பிடித்து வாசி. சரிவு போதாத ஹாப்பரில் நடுவில் மட்டும் ஒரு துளை விழுந்து தூள் இறங்கும், ஓரத்தில் இருப்பது அசையாது என்பதையும், முதலில் போட்டது கடைசியில்தான் வெளியே வரும் என்பதையும் கணக்கோடு விளக்கியிருக்கிறார். இது தெரியாத ஆலைகளில் ஆட்கள் சுத்தியலால் ஹாப்பரைத் தட்டுவார்கள். தட்டத் தட்டத் தகடு நசுங்கும். நசுங்கிய பள்ளத்தில் இன்னும் அதிகமாகத் தங்கும். எந்த ஆலைக்குள் போனாலும் நான் முதலில் ஹாப்பரின் வெளிப்புறத்தைத்தான் பார்ப்பேன். சுத்தியல் தழும்பு இருந்தால், உள்ளே என்ன நடக்கிறதென்று யாரையும் கேட்கவேண்டியதில்லை.

சுத்தம் பற்றிப் பேசும்போது ஆலிவர் எவன்ஸ் நினைவுக்கு வருகிறார். பக்கெட் எலிவேட்டரையும் ஸ்க்ரூவையும் கோத்து, ஆள் கை படாமல் ஓடும் மாவு ஆலையை அமெரிக்காவில் அமைத்தவர். 1795-இல் அவர் எழுதி வெளியிட்ட ஆலைக் கையேட்டை நான் விரும்பி வாசிப்பேன். ஆட்கள் காலால் மிதித்த மாவில் அழுக்குச் சேர்கிறதே என்ற கவலை அதில் தெரியும். கூலி மிச்சம் மட்டுமே அவருக்குக் குறியாக இருக்கவில்லை. இன்றைக்கு இயந்திரம் வாங்குகிறவர்கள் எத்தனை ஆளைக் குறைக்கலாம் என்பதை மட்டும் கேட்கிறார்கள்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். எந்த நிறுவனத்திடம் வாங்குவதாக இருந்தாலும், அவர்களுடைய மாதிரி மாவை ஓட்டிக் காட்டுவதை ஒப்புக்கொள்ளாதே. உன் ஆலையின் மிளகாய்த்தூளை, மழைக்கால ஈரப்பதத்தோடு, நீயே மூட்டையில் கொண்டுபோ. ஒரு மணி நேரம் ஓட்டச் சொல். நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்த பிறகு மூடியைக் கழற்றச் சொல். கழற்ற எத்தனை போல்ட், எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள். உள்ளே தங்கியதை எல்லாம் வழித்தெடுத்து நிறுத்துப் பார். அந்த எடையை எனக்கு எழுதி அனுப்பு. எந்த இயந்திரம் என்பதை அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்